லாசரு அண்ணன் தும்மினதும் ஸ்டார்ட் ஆன டீசல் வண்டி

பன்னெண்டு மணிக்குள்ள நான் போன்ல பதில் சொல்லியாகணும். கோத்தகிரியில பழைய கார் விக்கிற இடத்துல எனக்காக ரெண்டு வண்டி நிக்குது. ஒண்ணு பெட்ரோல், ஒண்ணு டீசல். என் கார் போன மாசம் படுத்ததுலேருந்து விடியக்காலை பஸ்லதான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நான் நர்ஸு, இன்னைக்கு லீவு. இந்த மாசம் மூணு நாள் லேட்டு. இன்னொரு தடவை லேட்டானா காலை டூட்டியை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு மேட்ரன் சொல்லிட்டாங்க. அது போச்சுன்னா சாயங்காலம் என் பிள்ளைகளைப் பார்த்துக்க ஆளில்ல.

இந்தக் கவலையை வீரமலையோட டீக்கடையில வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. பக்கத்து வீட்டு லாசரு அண்ணன் அங்கதான் உக்காந்திருந்தார். எஸ்டேட் லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவரோட பழைய டீசல் ஜீப்பு எதிர்ல மேட்டு மேல, மூஞ்சி இறக்கத்தைப் பார்க்க, டயருக்குக் கல்லு அணை கொடுத்து நின்னுச்சு. மேடு கிடைச்ச இடத்துல எல்லாம் அப்படித்தான் நிறுத்துவார்; அவர் வீட்டு வாசல் மட்டும் சமதரை.

"பெட்ரோலா? அது கற்பூரம், தங்கச்சி. மூடியைத் திறந்து மூடுறதுக்குள்ள பாதி காத்தோட போயிரும். நான் மேட்டுப்பாளையத்துல டீசல் நிரப்பிட்டு மைசூர் போயிட்டு வந்தேன். டீசல் காட்டுற முள்ளு அசையல. கெட்டுப்போச்சோன்னு ஒரு தட்டு தட்டுனேன். இன்னும் மேல ஏறிச்சு."

வீரமலை டீ ஆத்திக்கிட்டே, "மிச்சத்தை வித்திருக்கலாமே"ன்னான்.

"ரெண்டு கேன் வித்தேனே." அண்ணன் அசரல. "அதை விடு. ஒருநாள் தேயிலை லாரி எஸ்டேட் ரோட்டு வளைவுல சிக்கிக்கிச்சு. கயிறு இல்ல. இந்தத் துண்டைக் கட்டி ஜீப்பால இழுத்தேன். லாரியும் வந்துச்சு, வளைவும் நிமிந்து கூடவே வந்துச்சு. முந்தி அந்த ரோட்டுல ஒம்பது வளைவு. இப்பப் போய் எண்ணிப் பாரு, எட்டுதான்."

"துண்டு கிழியலையா?"

"ரெண்டு முழம் நீண்டுச்சு. அப்புறம்தான் தலைப்பாகைக்குப் பத்துது."

மணி பதினொண்ணே முக்கால். அவர் யானைக்கு வந்துட்டார். வழி மறிச்ச கொம்பன், ஜீப்பு உறுமலைக் கேட்டதும், மாமனார் வந்துட்டாருன்னு நினைச்சு ஓரமா ஒதுங்கி நின்னுச்சாம்.

"அண்ணே, இந்தப் பனியில டீசல் வண்டி காலையில ஸ்டார்ட் ஆகுமா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்."

"என்ன கேள்வி கேட்டே? போன வாரம் உறைபனி. பக்கெட்டுத் தண்ணி கல்லாயிருச்சு. நான் சாவியைத் தொடவே இல்ல. வீட்டுக்குள்ள படுத்தபடி ஒரு தும்மல் போட்டேன். வெளிய வண்டி ஸ்டார்ட் ஆயி நிக்குது."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. "அண்ணே, நீங்க தும்மினது எனக்குத் தெரியாது. நானும் வீரமலையும் உங்க ஜீப்பைத் தள்ளுனது தெரியும். மூணு நாள் தள்ளுனோம். மூணு நாளும் பஸ்ஸை விட்டேன். இந்தத் தெருவுல தள்ள இருக்கிறதே நாங்க ரெண்டு பேரு. இன்னொரு டீசல் வந்தா யாரு தள்ளுறது?"

அங்கேயே போனைப் போட்டு, பெட்ரோல் வண்டியே எடுத்துக்கிறேன், சாயங்காலமே வர்றேன்னு சொல்லிட்டேன். லாசரு அண்ணன் மிச்ச டீயைக் குடிச்சுட்டு கிளாஸைக் கீழ வச்சார். பாவமாத்தான் இருந்துச்சு.

அப்புறம் தோள்ல கிடந்த துண்டை எடுத்து மெதுவா மடிச்சார்.

"நல்லதுதான் தங்கச்சி. நாளைக்குக் காலையில நீ உன் பெட்ரோல் வண்டியில போறப்ப அப்படியே என் வண்டியை இறக்கம் வரைக்கும் இழுத்து விட்டுரு, அங்கேருந்து உருண்டு ஸ்டார்ட் ஆயிரும். துண்டு நான் தர்றேன்."