துலாபாரத்துக்கு இளைத்த அரசவை

வெகு காலத்துக்கு முன்னே, செங்காட்டு நாட்டை மகுடேசுவரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி, அவ்வளவுதான். வருஷா வருஷம் பிறந்தநாளன்று பெரிய தராசின் ஒரு தட்டில் அவன் உட்காருவான். மறு தட்டில் அவன் எடைக்குப் பொன் வைத்து, அதை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். துலாபாரம் என்று அதற்குப் பெயர்.

தராசைப் பிடிப்பவன் காளத்தி. கஜானாவுக்கு வரும் வரிப்பொன்னையும் அவன்தான் நிறுப்பான். அவன் சொன்னால் சொன்னதுதான். மறுபடி நிறுத்துப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை கிடையாது. ஒரு வருஷம், பிறந்தநாள் நெருங்கும் வேளையில், அவன் வரிப்பொன்னைக் கிள்ளி மடியில் முடிந்துகொண்டது பிடிபட்டது. மைத்துனனுக்கு ஜாமீன் நின்றானாம், மைத்துனன் ஓடிவிட்டானாம், வட்டிக்காரன் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டானாம். அவன் வலது கையை வெட்டும்படி ராஜா உத்தரவிட்டான். ஆனால் துலாபாரம் முடிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். அந்தத் தராசைப் பிடிக்க வேறு ஆள் இல்லையே.

"சோறு போட்ட இடத்திலேயே ஒருவன் ஏன் கை வைக்கிறான்?" என்று ராஜா சபையில் கேட்டான்.

கஜானாத் தலைவர் சண்பகராயர் எழுந்தார். அமைச்சர் உலகுடையாரின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். திருட்டு பிறவிக் குணம், காது மடலைப் பார்த்தாலே தெரிந்துவிடும், காளத்தியின் காதைப் பார்க்காமல் வேலைக்கு வைத்தது அமைச்சரின் குற்றம் என்று அடுக்கிக்கொண்டே போனார். சபையில் பலர் தங்கள் காதை மெல்லத் தலைப்பாகைக்குள் தள்ளிக்கொண்டார்கள்.

"மன்னா, காரணத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். துலாபாரத்தன்று காட்டுகிறேன். காட்டிவிட்டால் காளத்தியின் கை தப்ப வேண்டும்" என்றார் உலகுடையார்.

"காட்டாவிட்டால் உம் மோதிரம் சண்பகராயர் விரலுக்குப் போகும்" என்றான் ராஜா.

அன்று மாலையே அமைச்சர் முரசு அறைவித்தார். இந்த வருஷம் சபையோரும் தராசில் ஏற வேண்டும். அவரவர் எடைக்கு அவரவர் வீட்டு வெள்ளியை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். ராஜாவுக்கு ரொம்பச் சந்தோஷம். செலவு அவனுடையது அல்லவே.

அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. பெரிய வீட்டுச் சமையல்காரர்கள் பானையைக் கவிழ்த்துவிட்டு ஈ ஓட்டினார்கள். சேனாதிபதி வெறும் மோர்த் தண்ணீரில் காலம் தள்ளினார். சண்பகராயர் விளக்கெண்ணெய் குடித்துக் குடித்து, சபையில் இருந்த நேரத்தைவிடக் கொல்லையில் இருந்த நேரம்தான் அதிகம். கேட்டவர்களிடம், நாட்டு நலனுக்காக விரதம் என்றார்.

துலாபாரத்தன்று எல்லாரும் மெல்லிய வேட்டியில், மோதிரம்கூடப் போடாமல் வந்து நின்றார்கள். தலையை மழித்துக்கொண்டு வந்த புண்ணியவான்களும் உண்டு.

உலகுடையார் அவர்களை ஒரு பார்வை பார்த்தார். பாவம், உழைத்து இளைத்துவிட்டீர்கள், நீங்கள் கொடுப்பதற்குப் பதிலாக உங்கள் எடைக்குக் கஜானாவிலிருந்து உங்களுக்கே வெள்ளி கொடுத்தால் என்ன என்று ஒரு யோசனை இருக்கிறது, சற்றுப் பொறுத்து நிறுக்கலாம் என்றார். ராஜா திடுக்கிட்டு வாயைத் திறந்தான். அமைச்சர் கண்ணைக் காட்டவும் மூடிக்கொண்டான்.

சபை காலியாகிவிட்டது. நிற்கவே தெம்பில்லாதவர்கள் ஓடிய ஓட்டம் அப்படி. சண்பகராயர் திரும்பி வந்தபோது வயிறு முட்டத் தண்ணீர், உடம்பில் கம்பளி, அதற்குள் இடுப்பில் எதுவோ பெரிதாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

"இடுப்பில் என்ன?" என்றார் அமைச்சர்.

"அம்மிக் குழவி" என்றார் சண்பகராயர். மாட்டிக்கொண்டது தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது. "இத்தனை வருஷம் உழைத்திருக்கிறேன், எனக்குச் சேர வேண்டியதுதானே? யார் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள்? சேனாதிபதி கவசத்துக்குள் ஈயக்கட்டி வைத்திருக்கிறார். முதலில் அவரைக் கேளும்."

உலகுடையார் காளத்தியின் பக்கம் திரும்பினார். "பொன்னைக் கிள்ளும்போது நீ என்ன நினைத்தாய்?"

"இதேதானுங்க. பின்னால திருப்பி வச்சுடலாம்னும் நினைச்சேன்."

"பார்த்தீர்களா மன்னா. இவனைக் கடன் நெருக்கியது, அவரை ஆசை நெருக்கியது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியம் இருவருக்கும் உண்டு. தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு நியாயமும் இருவரிடமும் உண்டு. காது மடல்தான் வேறு வேறு."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கிய அமைதியில் ஒரு வயிறு கடகடவென்று உருண்டது. சிம்மாசனத்திலிருந்துதான் சத்தம் வந்தது.

"மன்னர் சாப்பிட்டு எத்தனை நாளாகிறது?" என்றார் உலகுடையார்.

ராஜா நெளிந்தான். பிறந்தநாள் விரதம் என்றான். கஜானாப் பொன் கரையக் கூடாது, அது மக்கள் சொத்து அல்லவா என்றான்.

காளத்தி தலையைத் தூக்கவில்லை. "மகாராசா, வருசா வருசம் உங்களை நிறுத்தது இந்தக் கைதான். துலாபாரத்தன்னைக்கு இளைச்சு வருவீங்க. நாலு நாள்ல பழையபடி ஆயிடுவீங்க. ஏழைங்க பொன்னுல ராசாவே கிள்ளுறப்ப நாம கிள்ளினா என்னன்னு எனக்குத் தோணிப்போச்சு."

ராஜாவின் கை வாளுக்குப் போனது. அந்த நேரம் பார்த்து வயிறு மறுபடி உருண்டது. அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு எந்த ராஜாவாலும் கோபமாக இருக்க முடியாது. வாளை விட்டுவிட்டு, தலை குனிந்தான்.

காளத்தியின் கை தப்பியது. எடுத்த பொன்னைக் கூலியில் கழித்துத் தீர்க்க வேண்டும். இனிமேல் பொன் வாங்க வரும் ஏழைகளில் ஒருவர் தராசருகே நின்று மறுபடி நிறுத்துப் பார்ப்பார். இத்தனையும் சொல்லிவிட்டு ராஜா சபையோரைப் பார்த்தான். அமைச்சர் சொன்னது யோசனை, முரசில் அறைந்ததுதான் உத்தரவு என்றான். சண்பகராயர் அவசரமாகக் குழவியை உருவப் போனார்.

"அப்படியே ஏறும்" என்றான் ராஜா.

தண்ணீர், கம்பளி, குழவி எல்லாவற்றோடும் அவர் ஏறி உட்கார்ந்தார். காளத்தி நிதானமாக நிறுத்தான். ராஜா சமையற்கட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு, கிரீடத்தோடும் கவசத்தோடும் வந்து கடைசியாக ஏறினான். ஏழைகள் அன்றைக்குப் பொன்னும் வெள்ளியுமாக மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.

முத்திரை மோதிரம் உலகுடையாரின் விரலிலேயே இருந்தது. சண்பகராயர் மட்டும் அதற்கப்புறம் வீட்டில் துவையல் அரைக்கும் சத்தம் கேட்டால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவாராம்.