விலாவில் பதிந்த ஐந்து விரல்

சிற்றோடைக் காட்டில் கோடைதோறும் சடுகுடுப் போட்டி நடக்கும். மேல்கரை விலங்குகள் ஒரு கட்சி, கீழ்க்கரை விலங்குகள் இன்னொரு கட்சி. ஜெயித்த கட்சியின் தலைவர்தான் கோடை முழுக்க மடுவுக்குக் காவல். ஓடை வற்றிய பிறகு காட்டில் மிஞ்சும் ஒரே தண்ணீர் அந்த மடு. அதன் மேலே உயரமாக ஒரு பாறை உண்டு. அங்கே நின்றால் சிறுத்தை எந்தப் பக்கம் வந்தாலும் தெரியும். காவல்காரர் ஒரு குரல் கொடுத்தால் எல்லோரும் தப்பிவிடலாம்.

"விளையாட்டுதான் குணத்தை வளர்க்கும்! ஜெயிச்சவனைவிட நல்லவன் யாரு?" என்று அடிக்கடி சொல்லும் நடுவர் கொக்கு. அது வெள்ளையாக இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த ஆண்டு கடைசி ஆட்டத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். மேல்கரைக்குக் கீரி வெடுக்கி. வெடுக்கென்று பேசுவதால் வந்த பெயர் அது. கீழ்க்கரைக்கு அதன் தலைவர் காட்டுப்பன்றி கட்டாரி. முந்தின நாள் தூறலில் களத்துச் செம்மண் நசநசவென்று கிடந்தது.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..." என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு வெடுக்கி கோட்டைத் தாண்டிப் போனது. கட்டாரி பாய்ந்தது. வெடுக்கி அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்து, விலாவில் பளாரென்று ஓர் அடி வைத்து, அதே மூச்சில் தன் பக்கம் திரும்பிவிட்டது.

கட்டாரியின் கறுத்த விலாவில் ஐந்து விரலும் செம்மண்ணில் அச்சாக விழுந்திருந்தன.

"தொட்டுட்டேன்! நீ அவுட்டு!"

"படவே இல்லை! பாதியிலேயே நீதான் மூச்சை விட்டே!" என்றது கட்டாரி.

கொக்கு பன்றியின் விலாவைப் பார்த்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்தது. கூட்டத்தில் கீழ்க்கரைக்காரர்கள்தான் அதிகம். "கட்டாரி! கட்டாரி!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குச் சரியாத் தெரியலை. கீரி மூச்சு விட்ட மாதிரிதான் இருந்தது. கீழ்க்கரைக்கு வெற்றி!" என்று சொல்லிவிட்டுக் கழுத்தை மடக்கிக்கொண்டது கொக்கு.

கட்டாரி சந்தோஷத்தில் கூத்தாடுவதுபோலத் தரையில் விழுந்து புரண்டது. எழுந்தபோது உடம்பெல்லாம் சேறு. ஐந்து விரலைக் காணோம்! குரங்குகள் கை தட்டின. மான்கள் குளம்பால் தரையைத் தட்டின.

வெடுக்கியின் வால் முடி மொத்தமும் சிலிர்த்துக்கொண்டது. "அத்தனை பேரும் பார்த்தீங்களே! ஒருத்தருக்குக்கூடவா வாய் இல்லை?"

அதன் சொந்தக் கட்சியைச் சேர்ந்த கிழக்குரங்கே வந்து முதுகைத் தடவியது. "விடு தாயி. தோல்வியை ஏத்துக்கத்தானே விளையாட்டு கத்துக்கொடுக்குது?"

"தோல்வின்னா ஏத்துக்குவேன். இது திருட்டு! திருட்டை எதுக்கு நான் ஏத்துக்கணும்?"

"சீ, தோத்துட்டுப் பேசுற பேச்சைப் பாரு!" என்று கூட்டம் சிரித்தது. அன்று சாயங்காலமே வெடுக்கிக்குப் 'பொய்க்காரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண்ணால் பார்த்தவர்களே வைத்த பெயர் அது! அடுத்தடுத்த நாளில் அவர்களுக்கே அது உண்மை என்று பழகிப்போனது. வெடுக்கி தண்ணீர் குடிக்க வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். "காலையில நல்ல வெயில்" என்று அது சொன்னால்கூட, அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்கள்.

பூவாத்தா என்ற கீழ்க்கரை மானுக்குத் துள்ளு என்று ஒரு குட்டி. வெடுக்கியின் குட்டிகளோடு அது தினமும் சடுகுடு ஆடும். ஒருநாள் கீரிக்குட்டி ஒன்று துள்ளுவைத் தொட்டுவிட்டது. துள்ளு உடனே, "படவே இல்லை!" என்று கத்திக்கொண்டு மண்ணில் விழுந்து புரண்டது.

"அடி ஆத்தி! அப்படியே கட்டாரி மாமா மாதிரியே செய்யுது பாருங்க!" என்று பூவாத்தா விழுந்து விழுந்து சிரித்தது.

வெடுக்கி ஆட்டத்தை நிறுத்தியது. தன் குட்டிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று பூவாத்தாவிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். பொய்க்காரி சொன்னால் யார் கேட்பார்கள் என்றுதான் கேட்கவில்லை.

எட்டாம் நாள் உச்சி வெயில். எல்லோரும் தண்ணீர் குடிக்க மடுவில் கூடியிருந்தார்கள். பின்னால் வந்த வெடுக்கி நாணல் புதருக்குள் மஞ்சள் வால் ஒன்று மெல்ல நெளிவதைக் கண்டது. சட்டென்று பாறையைப் பார்த்தது. பாறையில் ஒருவரும் இல்லை! கட்டாரி பாறைக்குப் பின்னால் இறங்கிக் கிழங்கு தோண்டித் தின்றுகொண்டிருந்தது.

"சிறுத்தை! நாணலுக்குள்ள சிறுத்தை! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடியது வெடுக்கி.

ஒருவரும் அசையவில்லை. "அன்னைக்குத் 'தொட்டேன், தொட்டேன்'னு கத்தினவதானே இவ?" என்றது ஒரு குரங்கு.

சத்தம் கேட்டுக் கட்டாரி அவசர அவசரமாகப் பாறை மேல் ஏறி நின்றது. "நான் காலையிலிருந்து இங்கேயேதான் நிக்கிறேன்! ஒரு ஈ எறும்புகூட வரலை! பொய்க்காரி பேச்சைக் கேட்காதீங்க!"

அதன் மூக்கில் ஈர மண் அப்பியிருந்தது. கடைவாயில் கிழங்குத் தோல் தொங்கியது. கீழே நின்ற எல்லோரும் பார்த்தார்கள். பூவாத்தாவும் பார்த்தது. பார்த்தும் பார்க்காமல் இருப்பதில் அவர்கள்தான் தேறிவிட்டார்களே!

"பூவாத்தா, உன் புள்ளையைத் தூக்கிட்டு ஓடு!" என்று அலறியது வெடுக்கி.

"காவலுக்கு நிக்கிறவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?" என்று சொல்லிவிட்டுப் பூவாத்தா தண்ணீரில் வாய் வைத்தது.

சிறுத்தை பாய்ந்தது. ஒரே பாய்ச்சல்தான். துள்ளு ஒருமுறை, "அம்மா!" என்றது. அவ்வளவுதான்.

மடு கலங்கிக் கிடந்தது. அழுகைச் சத்தம் ஓய்வதற்குள்ளேயே கட்டாரி பாறையிலிருந்து இறங்கி வந்தது. "என்மேல தப்பில்லை! நான் அங்கேயேதான்..."

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. "துரோகி!" என்று கல்லை எடுத்தன குரங்குகள். கொம்பைத் தாழ்த்தின மான்கள். கட்டாரி தலைதெறிக்க ஓடியது. அதன் பிறகு அந்தக் காட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

கொக்கு தொண்டையைக் கனைத்தது. "எனக்கு அப்பவே சந்தேகந்தான். ஐந்து விரலும் தெளிவாத்தான் தெரிஞ்சது..."

வெடுக்கி அதன் முன்னால் போய் நின்றது. "தெரிஞ்சதா? அப்ப ஏன்யா சொல்லலை?"

கொக்கு இறக்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"இந்தப் பாழாய்ப்போன ஆட்டமே இனி வேண்டாம்! களத்தை அழிச்சிடுவோம்!" என்று கத்தியது கிழக்குரங்கு.

"ஆட்டம் என்ன பண்ணுச்சு?" என்று சீறியது வெடுக்கி. "அவன் முதல் நாள் சொன்னது ஒரே ஒரு பொய். கை தட்டினது நீங்க! அந்தத் தைரியத்துலதான் அவன் காவலை விட்டுட்டுக் கிழங்கு தோண்டப் போனான். ஒரு குழந்தை அதைப் பார்த்து மண்ணுல புரண்டுச்சு. அதுக்கும் சிரிச்சீங்களே!"

கூட்டம் பின்தொடர, வெடுக்கி களத்துக்கு நடந்தது. அழிந்துகிடந்த நடுக்கோட்டைக் காலால் அழுத்தி அழுத்திக் கிழித்தது.

"இனிமே ஆடினா இப்படித்தான். பட்டவங்க தானாச் சொல்லிட்டு வெளியே போகணும். பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கிறவங்களும் அவுட்டுதான். சம்மதம்னா வாங்க."

நெடுநேரம் யாரும் வரவில்லை. பிறகு பூவாத்தா தள்ளாடித் தள்ளாடி வந்தது. களத்துக்குள் ஒரு கால் வைத்தது. உடனே அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்து, எல்லைக் கோட்டுக்கு வெளியே போய் நின்றது.

"அந்த ஐந்து விரலை நான் பார்த்தேன், வெடுக்கி. பார்த்துட்டுத்தான் குளம்பைத் தட்டினேன். முதல் அவுட்டு நான்தான்."

வெடுக்கியின் கோபம் அப்போதும் தீரவில்லை. பூவாத்தாவுக்குப் பின்னால் ஒரு குரங்கு வெளியே போய் நின்றது. அப்புறம் ஒரு முயல், ஒரு மயில், கடைசியாகக் கொக்கு. கடைசியில் களத்துக்குள் வெடுக்கியைத் தவிர ஒருவரும் இல்லை.

விளையாட்டு யாருக்கும் நல்ல குணத்தைத் தானாகக் கொடுத்துவிடாது. களத்தில் எதற்குக் கை தட்டுகிறோமோ, அந்தக் குணமே வளரும்.