கதவுக்குப் பின்னால் ரோஸ்லின்

நாகர்கோவிலில் ஒரு வீட்டில் பச்சைநிறப் பயணப்பை ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரி ரோஸ்லின், தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவள். குழு எந்த ஊருக்குப் போனாலும் பை அவள் மடியில் இருக்கும்.

இப்போது அது அலமாரிமேல் கிடந்து பழைய நாட்களையே நினைத்துக்கொண்டிருந்தது. வேன் கிளம்பியதும் ரோஸ்லின்தான் பாட்டின் முதல் அடியை எடுப்பாள். ஆரல்வாய்மொழிக் காற்றில் மற்றவர்கள் குரலும் வந்து சேரும். வேளாங்கண்ணிக் கடல்மணல் இன்னும் அதன் தையலுக்குள் ஒட்டியிருந்தது.

ஒருநாள் பைக்குப் பொறுக்கவில்லை. குளியலறைக் கதவிடம் சண்டைக்குப் போனது.

"என் ரோஸ்லினை நீதான் பிடித்து வைத்திருக்கிறாய்!"

"நானா கூப்பிடுகிறேன்?" என்றது கதவு. "முன்பெல்லாம் காலையில் வந்தால் மதியம்வரை என்னை மறந்திருப்பாள். இப்போது போன சூட்டிலேயே திரும்பி வருகிறாள். என்மேல் சாய்ந்து அழுதுகூட இருக்கிறாள்."

மேசைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பு பேசியது. "நாக்கு வறண்டு என்னைத் தூக்குகிறாள். அப்புறம் பயந்து அப்படியே வைத்துவிடுகிறாள்."

"முட்டுவலி, அதனால் பாட வரவில்லை என்றல்லவா எல்லாரிடமும் சொன்னாள்!" என்றது பை.

அந்த வாரம் நல்ல மழை. ரோஸ்லின் குளியலறைக்குள் இருந்தபோது அவள் நாத்தனார் தெபோராள் வந்தாள். அவளும் குழுவில் பாடுகிறவள். ரோஸ்லின் வெளியே வரப் பார்த்தாள். மழையில் ஊதியிருந்த கதவு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிலையை விட்டு அசையவில்லை.

"மைனி, இந்தத் தடவையாவது பாட வாங்க. நீங்க இல்லாம பாட்டே எடுபடல."

முகம் தெரியாத தைரியத்தில் ரோஸ்லின் உள்ளிருந்தே சொன்னாள்:

"எனக்கு முட்டுவலி இல்ல, தெபோரா. அடிக்கடி ஒண்ணுக்கு வருது. வேன்ல ஆம்பளைங்க நடுவுல எத்தனை தடவதான் நிப்பாட்டச் சொல்ல?"

"எரிச்சல் இருக்கா? ரத்தம் போகுதா? காய்ச்சல்?"

"அதெல்லாம் இல்ல. தாகம்தான் அடங்கமாட்டேங்கு. ஜாக்கெட் எல்லாம் லூசாயிட்டு."

"இதை மூடி வச்சிட்டா இருந்தீங்க? கிளம்புங்க, இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

கதவு மூச்சை விட்டது. திறந்துகொண்டது.

ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம் என்று தெரிந்தது. "தண்ணியைக் குறைச்சது பெரிய தப்பு," என்றார் டாக்டர். "எரிச்சல், ரத்தம், காய்ச்சல் இருந்தா அன்னைக்கே வரணும். இப்படித் தாகமும் மெலிவும் இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. வயசாயிட்டு, இப்படித்தான்னு நீங்களே முடிவு பண்ணலாமா?"

மாத்திரையும் சாப்பாட்டு ஒழுங்கும் மெல்ல வேலை செய்தன. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ரோஸ்லின் செம்பைப் பயமில்லாமல் தூக்கிக் குடித்தாள். பையைத் தட்டித் துடைத்தாள்.

வேன் திருநெல்வேலியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு நடுவில் ரோஸ்லின் குரலை உயர்த்தினாள்.

"டிரைவர் தம்பி, பாத்ரூம் இருக்கற பெட்ரோல் பங்க்ல கொஞ்சம் நிப்பாட்டுங்க."

சொல்லிவிட்டுக் கூச்சத்தோடு எழுந்தாள்.

அவள் இறங்கித் திரும்பிப் பார்ப்பதற்குள், வேனில் இருந்த பெண்கள் எல்லாரும் அவசர அவசரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.