பொன்மூக்கி மாற்றிக்கொண்ட பொந்து

காட்டோரக் குளக்கரையில் ஒரு பெரிய மருத மரம் இருந்தது. அதன் உடம்பெல்லாம் பொந்துகள். ஒவ்வொரு பொந்திலும் ஒரு குடும்பம் இருந்தது.

நடுப் பொந்தில் பொன்மூக்கி என்ற மைனாவும் அவள் கணவன் தவிட்டனும் குடியிருந்தார்கள். மரத்திலேயே பெரிய பொந்து அதுதான். ஆனால் உள்ளே போனவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. காரணம், பொன்மூக்கி எதையும் வெளியே போடமாட்டாள். பாம்புச் சட்டை, தேங்காய் நார், கிழிந்த ரிப்பன், உடைந்த வளையல், பேனா மூடி எல்லாம் உள்ளே குவிந்து கிடந்தன.

பாதிக்கு மேல் கரியனிடம் வாங்கியவை. கரியன் ஒரு காக்கை. ஊருக்குள் போய்க் கிடைத்ததைக் கொண்டுவந்து காட்டில் விற்பான். அத்திப்பழம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

"இன்னைக்குப் புதுச் சரக்கும்மா! ஊர்ல இப்ப எல்லா வீட்டிலயும் இதுதான்!" என்பான் கரியன்.

அந்த ஒரு வார்த்தை போதும். பொன்மூக்கி தன் அத்திப்பழத்தையெல்லாம் அவனிடம் கொடுத்துவிடுவாள்.

ஒரு நாள் பெருங்காற்று அடித்தது. எதிர்க்கரையில் இருந்த பழைய மரம் வேரோடு சாய்ந்தது. அங்கே குடியிருந்த மூவரி என்ற அணில் கட்டிய துணியோடு வந்தவள் போல, வெறும் வாலோடு மருத மரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

பொன்மூக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொந்து காலியாகக் கிடந்தது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்து. உள்ளே ஒரே மரத்தூள், காய்ந்த கொட்டை ஓடு, பூஞ்சை நாற்றம்.

"ஐயோ பாவம், இதிலயா இருக்கப் போறே?" என்று கேட்டாள் பொன்மூக்கி. "ஏதாவது வேணும்னா கேளு. என் வீட்டில இல்லாத பொருளே கிடையாது!"

"ரொம்ப நன்றிக்கா," என்றாள் மூவரி.

அன்று பொன்மூக்கிக்கு மனசு நிறைந்திருந்தது. தன்னைவிடக் கீழே இருப்பவளுக்காக இரக்கப்படுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

மூவரி முதல் வேலையாக உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே தள்ளினாள். ஒரு முழு நாள் தள்ளினாள். மரத்தூளை வாலால் பெருக்கினாள். வேப்பிலையைக் கசக்கிச் சுவரெங்கும் தேய்த்தாள். நாற்றம் போயிற்று.

அப்புறம் கரியன் வந்தான். மூவரியிடம் இரண்டே அத்திப்பழம் இருந்தது.

"இதுக்கு என்ன தருவே?" என்று கேட்டாள்.

"ரெண்டு பழத்துக்கு என்ன வரும்? இந்தக் கண்ணாடிச் சில்லை எடுத்துக்க. யாரும் வாங்க மாட்டேங்கறாங்க!"

மூவரி அந்தச் சில்லைக் காலை வெயில் விழும் இடத்தில் வேப்பம் பிசினால் ஒட்டினாள். வெயில் அதில் பட்டு உள்ளே போய் விழுந்தது. இருட்டுப் பொந்து பளிச்சென்று ஆகிவிட்டது. ஒரு மூலையில் இலவம்பஞ்சு விரித்தாள். வாசலில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகினாள். அவ்வளவுதான். வேறு எதையும் அவள் உள்ளே கொண்டுபோகவில்லை.

மறுநாள் கொண்டையம்மா என்ற கொண்டைக்குருவி பொன்மூக்கியிடம் ஓடோடி வந்தாள்.

"மூவரி வீட்டைப் பார்த்தியா? அடேயப்பா! கோயில் மாதிரி இருக்கு! ரெண்டே பழத்தில முடிச்சுட்டாளாம்!"

"ரெண்டே பழமா?" என்றாள் பொன்மூக்கி. ஒரே ஒரு ரிப்பனுக்கு அவள் எட்டுப் பழம் கொடுத்திருந்தாள்.

போய்ப் பார்த்தாள். வாசலில் நின்றபோதே வேப்பம்பூ வாசனை வந்தது. உள்ளே வெயில் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. உட்கார இடம் இருந்தது. இறக்கையை விரிக்கவும் இடம் இருந்தது.

"எப்படிக்கா இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டாள் மூவரி.

"ம்... பரவாயில்லை. கொஞ்சம் மொட்டையா இருக்கு," என்றாள் பொன்மூக்கி.

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு வந்தாள். நேற்று வரை அழகாகத் தெரிந்த வீடு இன்று பிடிக்கவில்லை. ரிப்பன் அழுக்காகத் தெரிந்தது. பாம்புச் சட்டை நாறியது. 'நேத்து வந்தவ! வெறும் வாலோட வந்தவ! அவளுக்கு எப்படி இப்படி ஒரு வீடு?' என்று அவளுக்குள் எரிந்தது.

"என்னங்க, நாமளும் வீட்டை அலங்காரம் பண்ணணும்!" என்றாள் தவிட்டனிடம்.

"நல்ல யோசனை! முதல்ல எதையெல்லாம் வெளியே போடலாம்?"

"வெளியே போடறதா? இன்னும் வாங்கணும்னு சொல்றேன்!"

மூன்று நாள் அவள் அத்திமரத்துக்கும் கரியனுக்கும் இடையே பறந்தாள். வெள்ளித்தாள் வந்தது. பொம்மையின் கை ஒன்று வந்தது. மூவரியுடையதைவிடப் பெரிய கண்ணாடி கேட்டாள். கரியனிடம் அது இல்லை. அதனால் கண்ணாடிக்குப் பதிலாக நாலு பால் கவர் வாங்கினாள். எல்லாவற்றையும் இருந்ததன் மேலேயே அடுக்கினாள்.

பிறகு மரத்தில் இருந்த எல்லோரையும் வீடு பார்க்க அழைத்தாள். வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் நின்றார்கள். கொண்டையம்மாவின் கொண்டை ரிப்பனில் சிக்கிக்கொண்டது. தவிட்டன் தலைகீழாகத் தொங்கி அதை எடுத்துவிட்டான்.

"நல்லா இருக்கு, நல்லா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் திரும்பக்கூட இடமில்லாமல் பின்னோக்கியே வெளியேறினார்கள்.

நேரே எங்கே போனார்கள்? மூவரி வீட்டுக்கு! அங்கே காலை நீட்டி உட்கார்ந்து, பொழுது சாயும்வரை பேசிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் பொன்மூக்கியின் காதில் விழுந்தது.

அன்றுதான் அவள் ஒரு திட்டம் போட்டாள்.

மறுநாள் காலை முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு மூவரியிடம் போனாள்.

"மூவரி, எனக்கு முட்டையிடற நேரம் வந்துடுச்சு. என் பொந்துக்குக் காலை வெயில் வராது. காலை வெயில் படலைன்னா முட்டை பொரிக்காதுன்னு ஆந்தை வைத்தியர் சொல்லிட்டார். உன் பொந்து கிழக்கே பார்த்தது. நாம மாத்திக்கலாமா? என்னுது பெருசு. உனக்குத்தான் லாபம்!"

மூவரி தன் பஞ்சுப் படுக்கையைப் பார்த்தாள். வெயில் ஆடும் சுவரைப் பார்த்தாள்.

"ஒரு நாள் டைம் கொடுக்கா," என்றாள்.

அடுத்த நாள், "சரிக்கா, எடுத்துக்கோ. கண்ணாடியை மட்டும் நான்..." என்று தொடங்கினாள்.

"ஐயையோ! பிசின்ல ஒட்டினது. பிய்ச்சா உடைஞ்சிடும். இருக்கட்டும்!"

மூவரி தலையாட்டினாள்.

பொன்மூக்கி வீட்டுக்குப் பறந்து வந்தாள். "என்னங்க, சாமானைக் கட்டுங்க!"

தவிட்டன் சுற்றிலும் பார்த்தான். "பொன்மூக்கி, அந்த வீடு அழகா இருக்கறதே ஒண்ணும் இல்லாததாலதான். இதையெல்லாம் இங்கேயே விட்டுட்டு, நாம ரெண்டு பேர் மட்டும் போயிடலாமே!"

"விட்டுட்டா? அவ எடுத்து வெச்சுக்கட்டும்னா? என் பொருள்ல ஒரு நூல்கூட அவளுக்குக் கிடையாது!"

அன்று முழுவதும் சுமந்தார்கள். நாரைச் சுமந்தார்கள், கவரைச் சுமந்தார்கள், பொம்மையின் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். மூவரிக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்று பொந்தின் தரையைக்கூட அவள் சுரண்டி எடுத்துவிட்டாள்.

சின்னப் பொந்து சாயங்காலத்துக்குள் வாய்வரை நிரம்பியது. வேப்பங்கொத்து நசுங்கிப்போயிற்று. காலையில் வெயில் வந்து கண்ணாடியில் பட்டது. கண்ணாடி என்ன செய்யும்? எதிரே இருந்த குப்பையை இன்னொரு குப்பையாகக் காட்டியது.

"ஒண்ணு ரெண்டா ஆயிடுச்சு," என்றான் தவிட்டன். அவனுக்கு நிற்க இடமில்லை. அவன் கிளையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"கொஞ்சம் சரி பண்ணினா அவ வெச்சிருந்த மாதிரியே ஆயிடும்," என்றாள் பொன்மூக்கி. அன்று முழுக்க இதை அங்கே வைத்தாள், அதை இங்கே வைத்தாள். எதுவும் அந்த மாதிரி ஆகவில்லை.

அப்போது பக்கத்துப் பொந்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"எல்லாரும் வாங்களேன்! இங்கே வந்து பாருங்களேன்!"

மூவரியின் குரல்தான். பெருக்கிக்கொண்டிருந்தபோது பின்சுவரில், தூசு படிந்து சுவர் போலவே ஆகிவிட்ட ஒரு பழைய கந்தல் அடைத்திருப்பதை அவள் பார்த்திருந்தாள். பிடித்து இழுத்தாள். கந்தல் வந்தது. அதன் பின்னால் ஒரு ஓட்டை! அந்த ஓட்டை வழியே குளம் முழுவதும் தெரிந்தது. அல்லிப்பூ, தவளை, மீன்கொத்தி நீரில் பாய்வது, எல்லாமே தெரிந்தன. குளத்துக் காற்று சிலுசிலுவென்று உள்ளே வந்தது.

கொண்டையம்மா கத்தினாள். "ஜன்னல்! இந்த மரத்தில ஜன்னல் வெச்ச வீடு இது ஒண்ணுதான்!"

பொன்மூக்கிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கந்தலை அடைத்தது அவள்தான். பாம்புச் சட்டையை மாட்டுவதற்குச் சுவர் வேண்டும் என்று குடிவந்த புதிதில் அடைத்தாள். பிறகு அதன் முன்னால் சாமான் ஏறிவிட்டது. அப்படி ஒரு ஓட்டை இருந்ததையே அவள் மறந்துபோனாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. வாசலில் நின்று கழுத்தை நீட்டிப் பக்கத்துப் பொந்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "என் ஜன்னல்! என் குளம்!" என்று முணுமுணுப்பாள். யார் உள்ளே போகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதையெல்லாம் கவனிப்பதே அவள் வேலையாகிவிட்டது.

முதல் முட்டை வந்தது. நீல நிறத்தில், பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. வைக்க இடமில்லை. வெள்ளித்தாளின் மேல் வைத்தாள்.

"அது வழுக்குமே!" என்றான் தவிட்டன்.

"நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

அந்த நேரம் பக்கத்தில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. பொன்மூக்கியால் அடக்க முடியவில்லை. எட்டிப் பார்க்க வாசலுக்குத் தாவினாள். அவள் கால் ரிப்பனில் பட்டது. ரிப்பன் கவரை இழுத்தது. கவர் வெள்ளித்தாளைச் சாய்த்தது. முட்டை உருண்டு அவள் காலருகே வந்து, வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

கீழே வேரில் விழுந்த சத்தம் மிகச் சின்னதாகக் கேட்டது.

தவிட்டன் கீழே பறந்தான். வெகுநேரம் அங்கேயே நின்றான். திரும்பி வந்து கிளையில் உட்கார்ந்துகொண்டான். அவன் ஏதாவது திட்டியிருந்தால்கூடப் பொன்மூக்கிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் மூவரி வந்தாள். வாசலில் உட்கார்ந்தாள். உள்ளே வர இடமில்லை.

"அக்கா," என்றாள்.

பொன்மூக்கி தலையைத் தூக்கவில்லை. "நான் பொய் சொன்னேன் மூவரி. ஆந்தை வைத்தியர் எதுவும் சொல்லலை. உன் வீட்டைப் பார்த்து எனக்குத் தாங்கலை. அதான்."

"தெரியும்க்கா. அன்னைக்கே வைத்தியர்கிட்டப் போய்க் கேட்டுட்டேன்."

"தெரிஞ்சுமா கொடுத்தே?"

"நீ சொன்ன காரணம் பொய். உனக்கு முட்டை வரப்போறது பொய் இல்லையே."

பொன்மூக்கி அழுதாள். மூவரி அவள் அழுது முடிக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்துக் கேட்டாள்.

"அக்கா, அடுத்த முட்டைக்கு இது வேணுமா?"

"வேணாம்."

ரிப்பன் கீழே போயிற்று.

"இந்தக் கை?"

"அது எதுக்குன்னே தெரியலை. போடு!"

பேனா மூடிக்கு வந்தபோது பொன்மூக்கி தயங்கினாள். அதற்குப் பன்னிரண்டு பழம் கொடுத்திருந்தாள். அலகில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவளே எறிந்தாள்.

உச்சி வெயிலுக்குள் பொந்து காலியாகிவிட்டது. மிஞ்சியது ஒரு பிடி தேங்காய் நார், கொஞ்சம் இலவம்பஞ்சு, சுவரில் அந்தக் கண்ணாடிச் சில்லு. மூவரி ஒரு புது வேப்பங்கொத்தைக் கொண்டுவந்து வாசலில் செருகினாள். தவிட்டன் உள்ளே வந்து, பல நாளைக்குப் பிறகு இறக்கையை முழுதாக விரித்துப் பார்த்தான்.

"உன் வீட்டைத் திருப்பி எடுத்துக்கோ மூவரி," என்றாள் பொன்மூக்கி.

"வேணாம்க்கா. எனக்கு ஜன்னல் பழகிடுச்சு," என்று சிரித்தாள் மூவரி.

அந்தச் சிரிப்பு பொன்மூக்கிக்கு இன்னும் கொஞ்சம் சுட்டது. பொய் சொல்வானேன், ஜன்னல் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு ரொம்ப நாள் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்காக அவள் வாசலில் போய் நிற்கவில்லை.

அடுத்தடுத்து மூன்று முட்டைகள் வந்தன. நாரின் மேல், நடுவில், அசையாமல் இருந்தன. கரியன் இரண்டு முறை வந்து, "புதுச் சரக்கும்மா!" என்று கூவினான். பொன்மூக்கி முட்டையின் மேல் உட்கார்ந்தபடியே, "வேணாம்ப்பா, இடமில்லை!" என்றாள். அவளைச் சுற்றிலும் இடம் தாராளமாக இருந்தது. கரியன் குழம்பிப்போய்ப் பறந்தான்.

பதினெட்டாம் நாள் காலையில் மூன்று குஞ்சுகளும் வாயைத் திறந்து கத்தின.

அடுத்தவர் வீட்டையே வாங்கிக்கொண்டாலும், பொறாமையைக் கூடவே சுமந்து போகிறவருக்கு அங்கேயும் இருக்க இடம் கிடைக்காது.