கல் போட்ட வீடு

"சிஸ்டர், எனக்க வீட்டு வாசப்படியில தினமும் எலும்பு கெடக்கு" என்றார் சூசடிமை.

பிரகாசி சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நாய் கொண்டு போட்டிருக்கும்."

"நாய் அந்தப் பக்கமே வரமாட்டேங்குது."

கடல் முனையிலிருந்த குருசடியில், அந்தச் சின்னச் சிலுவைக் கோயிலில், பிரகாசி தனியாக வாழ்ந்தார். கன்னியர் மடத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் ஊர் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. பங்குச் சாமியாரிடம் சொல்ல வெட்கப்பட்டதையெல்லாம் அவரிடம் வந்து சொன்னது. அவர் பெரும்பாலும் பதில் சொல்லமாட்டார். அதனாலேயே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

சூசடிமை வருவது இதுதான் முதல் தடவை. பங்குப் பேரவையின் துணைத் தலைவர். பிரகாசியைவிட இருபது வயது மூத்தவர். மற்றவர்களுக்குப் புத்தி சொல்லியே பழகியவர், கேட்டுப் பழக்கமில்லை.

"என்ன எலும்பு?"

"மனுஷ எலும்பு. கல்லறையில இருந்து கடல் எடுத்துட்டுப் போனது."

"அப்போ கடல்தான் கொண்டு போடுது."

"அதான் இல்ல. வீட்டு முன்னால போட்ட தடுப்புக் கல்லைத் தாண்டி ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது. விடிஞ்சு கதவைத் திறந்தா படி காஞ்சு கெடக்கு. எலும்பும் காஞ்சு கெடக்கு. யாரோ குனிஞ்சு மெதுவா வச்சுட்டுப் போன மாதிரி."

திரும்பக் கடலில் எறிந்து பார்த்தாராம். மறுநாள் அது வந்துவிட்டது, கூடவே இன்னொன்றும் வந்தது. மணலில் ஆழமாகப் புதைத்தாராம். அதுவும் வந்துவிட்டது. சாமியாரைக் கூட்டிவந்து வீட்டை மந்திரிக்க வைத்தார். தெளித்த தீர்த்தம் காய்வதற்குள் படியில் ஒரு முட்டி எலும்பு இருந்தது. சாமியார் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இதையெல்லாம்விட மனைவி செய்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மகளுக்கு இது நிறைமாதம், தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். "இந்த வீட்டுக்கு எம்பிள்ளையைக் கூட்டிட்டு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஆசை ஆசையாக் கட்டின வீடு, சிஸ்டர். இதை நிறுத்த ஒரு வழி சொல்லுங்க."

"உங்க வீடு எது?"

சூசடிமைக்கு முகம் சுருங்கியது. எது என்று ஊருக்கே தெரியும். அந்தக் கரையில் கல் போட்ட வீடு அது ஒன்றுதான்.

கல் வந்ததோ கல்லறைக்கு. ஊரே மனு கொடுத்து, ரோட்டில் உட்கார்ந்து, அடிபட்டு வாங்கிய கருங்கல். கல்லறையைக் கடல் எடுத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் தெருவையும் எடுக்கும் என்பது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். லாரிகள் வந்த அன்று வழிகாட்ட நின்றவர் சூசடிமை. கல்லறைப் பக்கம் மணல் இளகிக் கிடக்கு, சக்கரம் புதையும், இப்போதைக்கு இங்கே தட்டுங்க என்றார். இப்போதைக்கு என்றால் நம்பாத ஊர் உண்டா? அவர் வீட்டுக்கு முன்னால் தட்டிய கல் அங்கேயே சுவராகிவிட்டது. அந்த ஆடியில் கடல் கல்லறைக்குள் புகுந்தது. இரண்டு வரிசைக் கல்லறைகளோடு தெருவின் முதல் வீடுகளையும் இழுத்துக்கொண்டு போனது. அந்த வீட்டுக்காரர்கள் இப்போது பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கிறார்கள்.

வெட்கங்கெட்ட காரியம். சூசடிமை மட்டும் அதற்கு அந்தப் பேரை வைக்கவில்லை.

"ஊருக்கு நான் ஒண்ணுமே செய்யலையா சிஸ்டர்? கோயில் கொடிமரம் நான் வச்சது. திருவிழா வாணவேடிக்கை எனக்க செலவு. அடுத்த தடவை கல் வரட்டும், முதல் லாரி கல்லறைக்குத்தான். சத்தியம்."

"பதவி ஏத்தப்போ பீடத்துக்கு முன்னால என்ன சொன்னீங்க?"

"எல்லாரும் சொல்றதத்தான் சொன்னேன்."

"என்னது?"

"ஊருக்கு உழைப்பேன்னு." குரல் இறங்கியது. சட்டென்று கோபமும் வந்தது. "அதுக்காக எனக்க வீட்டைக் கடலுக்குக் கொடுக்கணுமா? இருக்கிறதையெல்லாம் விடச்சொல்லி ஆண்டவர் கேட்டாரா?"

பிரகாசி சுவரில், சிலுவையில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மீனைக் கழுவ எழுந்து போனார்.

குழம்பைக் கொதிக்கவைத்து இறக்கிவிட்டு வந்தார்.

"இன்னைக்கு வந்தது எங்க?"

சூசடிமை தோளிலிருந்த துண்டு மூட்டையை இறக்கிப் பிரித்தார். கீழ்த்தாடை. பற்கள் அநேகமாக எல்லாம் இருந்தன.

பிரகாசி பாயை விரித்தார். தாடையைத் துண்டோடு எடுத்துப் பாயில் வைத்தார். மூன்று தட்டுகளில் சோறு போட்டு மீன்குழம்பு ஊற்றினார். ஒன்று தனக்கு. ஒன்று சூசடிமைக்கு. ஒன்றைத் தாடைக்கு முன்னால் நகர்த்தினார்.

"இது யாருக்கு?"

"வாசலுக்கு வந்தவங்களுக்கு. சாப்பிடுங்க, ஆறிரும்."

உச்சி வெயில். கதவு திறந்து கிடந்தது. சூசடிமை ஒரு வாய் எடுத்தார். ஏதோ குறைவதுபோல இருந்தது. கடல் சத்தம் கேட்கவில்லை. முனையில், பாறைக்கு மேலே, காற்றடிக்கிற பகலில், கடல் சத்தமே இல்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தார். அலை எழுந்து எழுந்து விழுந்துகொண்டுதான் இருந்தது.

மறுபடி பாயைப் பார்த்தபோது மூன்றாவது தட்டில் சோறு ஒரு ஓரமாகக் குறைந்திருந்தது.

பிரகாசி தன் தட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"வந்தவங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"எலும்புகிட்ட என்னத்தக் கேக்க?"

"தூக்கி எறிய மட்டும் தெரிஞ்சுது."

சூசடிமை பயந்துபோனார். நடுக்கடலில் படகு கவிழ்ந்தபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

"கல்லைப் பேர்த்துக் கல்லறைக்கே கொண்டு போட்டா, இது நின்னுருமா?"

"தெரியாது."

"வீடு போயிரும்."

"போகலாம்."

"என்ன சிஸ்டர் இப்படிச் சொல்றீங்க?" அவர் அழுதேவிட்டார். "இந்த வயசுல, நிறைமாசப் பிள்ளையை வச்சுக்கிட்டு, நான் எங்க போவேன்?"

பிரகாசி தாடையைத் துண்டோடு எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அதைக் கேக்கத்தான் அண்ணே, அவங்க தினமும் உங்க வாசலுக்கு வாராங்க."