பேராச்சி வீட்டுக் கடைசி முட்டை

முதலில் தப்புச் செய்தவன் சொரிமுத்து. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைக் கேட்க வேண்டும்.

மாசானத்தின் மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரம். சொரிமுத்து ஒரு கதையை எடுத்துவிட்டான். மாசானம் பெண் பார்க்கப் போன அன்று மாமனார் வீட்டு நாய்க்குப் பயந்து வைக்கோல் படப்பில் ஏறிக்கொண்டாராம். பெண்ணே வந்து நாயைக் கட்டிப்போட்ட பிறகுதான் இறங்கினாராம். நடந்தது நடந்ததுதான். அதற்காக அதைப் பந்தியில் வைத்தா சொல்வது? மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது.

அன்றைக்கு மாசானம் ஒரு வைராக்கியம் எடுத்தார். 'தப்புதான்' என்ற ஒரு சொல் சொரிமுத்து வாயிலிருந்து வரும்வரை, அவன் காதில் விழும்படி தம் வாயிலிருந்து ஒரு சத்தமும் வராது. மகளுக்குப் பிள்ளை பிறந்து அது பள்ளிக்கூடம் போகிறது. அந்தச் சொல் இன்னும் வரவில்லை.

ஆனால் மற்ற எல்லாம் சொரிமுத்துவிடம் வரும். தெருநாய் அவன் பின்னால் போகும். கடன் கேட்டு வந்தவன்கூட அவனோடு சிரித்துவிட்டுப் போவான். மாசானத்தின் சொந்த மச்சினனே டீக்கடையில் அவனை ஒட்டித்தான் உட்காருவான். மனைவி இறந்த பிறகு மாசானத்தின் வீட்டில் துணைக்கு ஒரு கோழிதான் உண்டு. அதுவும் தீனி தீர்ந்தால் திரும்பிப் பார்க்காது.

வாய்க்கால் கரையில் வாத்து வளர்க்கிற பேராச்சியிடம் கூஸ் வாத்து ஒரு ஜோடி உண்டு. நெட்டைக் கழுத்து, பாம்பைக் கண்டால் ஊரைக் கூட்டும், வளர்த்தவர் பின்னாலேயே நடக்கும். வாழைத்தோட்டத்தில் பாம்பு வருகிறது, ஒரு குஞ்சு வேண்டும் என்று மாசானம் அவளிடம் சொல்லியிருந்தார். பின்னாலேயே நடக்கும் என்பதற்காகத்தான் அவருக்கு அது வேண்டும். அதை அவர் சொல்லவில்லை.

குஞ்சு பொரித்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் போனால், எல்லாக் குஞ்சுக்கும் அவருக்கு முன்பே ஆட்கள் சொல்லிவைத்திருந்தார்கள். தாய் வாத்து குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டது. கூட்டில் ஒரு முட்டை மட்டும் கிடந்தது. ஓட்டில் சிறு துளை. உள்ளே மூக்கு அசைந்தது. அதற்கு மேல் உடைக்கத் தெம்பில்லை.

"அது தேறாது அண்ணாச்சி. பூனைக்குப் போடணும்" என்றாள் பேராச்சி.

மாசானம் பதில் சொல்ல வாயெடுத்தார். கொஞ்சம் தள்ளி சொரிமுத்து பேராச்சிக்கு மூங்கில் பத்தை வைத்து வேலி கட்டிக்கொண்டிருந்தான். வாய் மூடிக்கொண்டது. முட்டையைக் கையில் எடுத்தார்.

"பொழைக்க வச்சவங்க எடுத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு, பேராச்சி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

உள்தோல் காய்ந்து குஞ்சின் மேல் காகிதமாய் ஒட்டியிருந்தது. மாசானம் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஒற்றி, ஓட்டை நகத்தால் சில்லுச் சில்லாக எடுத்தார். சொரிமுத்து வேலி கட்டியபடியே முட்டையோடு பேச ஆரம்பித்தான்.

"ஏல, உள்ள என்னல பண்ணுத? வாடகை இல்லாத வீடுன்னு கெடக்கியோ? வெளிய வந்து பாரு, மாசானம் அண்ணாச்சி மொகத்த. பாத்தா திரும்ப உள்ளயே போயிருவ!"

முட்டைக்குள்ளிருந்து கீச் என்றது. அவன் பேசும்போதெல்லாம் கீச் என்றது. மாசானம் அதைத் தம் வெந்நீர்த் துணிக்குக் கிடைத்த பதிலாக எடுத்துக்கொண்டார். ஆனாலும் அவனுக்கு முன்னால் சீக்கிரம் வெளியே எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்று விரல் அவசரப்பட்டது.

"நிறுத்தும்வே! ரத்தம் தெரியுது பாரும்" என்று கத்தினான் சொரிமுத்து.

உள்தோலில் சிவப்பு நூல்போல ஒரு நரம்பு. இன்னும் ஒரு சில்லு எடுத்திருந்தால் குஞ்சு போயிருக்கும். மாசானம் கையை எடுத்தார். நரம்பு வற்றும்வரை ஈரத்துணியைப் போர்த்தி, மடியில் வைத்துக் காத்திருந்தார். சொரிமுத்து வேலை முடிந்தும் போகவில்லை, பேசிக்கொண்டே இருந்தான். வெயில் தாழ்ந்தபோது குஞ்சு தானே உந்திக்கொண்டு மாசானத்தின் உள்ளங்கையில் விழுந்தது. முதலில் பார்த்ததும் அவர் முகத்தைத்தான். துண்டில் பொதிந்து, மயிர் காய்ந்து, கால் ஊன்றும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

"நான் சொல்லலைன்னா செத்திருக்கும். எனக்கும் பங்கு உண்டும்லா?" என்றான் சொரிமுத்து.

மாசானம் பேராச்சியைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார்.

"ரெண்டு பேரும் ஏன் மல்லுக்கட்டுதீக? கீழ விடுங்க. யாரு பின்னால போகுதோ அவுகளுக்கு" என்றாள் அவள்.

மாசானம் தயங்காமல் தம் காலடியிலேயே இறக்கிவிட்டார். அவ்வளவு நம்பிக்கை.

"என்னல, பொழைச்சிட்டியா?" என்றான் சொரிமுத்து.

குஞ்சு தள்ளாடித் தள்ளாடி அவனை நோக்கி ஓடியது.

"நீங்களும் ஒரு சத்தம் குடுங்க அண்ணாச்சி!" என்று பேராச்சி பதறினாள்.

"கூப்பிடும்வே. வந்தா கொண்டுபோரும்" என்று சிரித்தான் சொரிமுத்து.

மாசானத்தின் உதடு பிரிந்தது. எதிரே சொரிமுத்து நின்றான். உதடு சேர்ந்துகொண்டது.

கேட்டவர்கள் சொல்லுங்கள். பகலெல்லாம் மடியில் வைத்திருந்தவரை விட்டு, தொட்டே பார்க்காதவன் பின்னால் குஞ்சு ஏன் போனது? வாய் திறந்திருந்தால் அது மாசானத்திடம் திரும்பியிருக்குமா? இதில் யார் செய்தது சரி?

விடை: முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சுக்குக் காது கேட்கும். அது பகலெல்லாம் கேட்டது ஒரே குரல். மாசானம் அப்போது கூப்பிட்டிருந்தாலும் அது வந்திராது. அந்தக் குரலை அது கேட்டதே இல்லை. பேராச்சி சொன்னபடி குஞ்சு சொரிமுத்துவுக்கு. அதைக் குறை சொல்ல முடியாது. எடுத்த வைராக்கியத்தில் தவறாமல் நின்றவர் மாசானம். அவர் செய்தது சரி. குஞ்சு வளர்ந்து இப்போது சொரிமுத்து பின்னால் டீக்கடை வரை போகிறது. அவன் ஒரு முட்டைக்காக அன்றைக்கு அத்தனை பேச்சுச் செலவழித்தான். மாசானத்துக்கு வர வேண்டியது அதில் ஒரே ஒரு சொல். அது இன்னும் வரவில்லை.