ஓடைமடத்துச் சவரக்கத்தி

"எனக்கு எப்பங்க சாமி மொட்டை?"

மருதாசலம் கேட்டார். ஓடைமடத்துச் சாமி முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

அந்த மடத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி எல்லாரும் தலை மழித்துக்கொள்வார்கள். புதிதாகத் துறவு வாங்குகிறவருக்கும் அன்றைக்கே மொட்டை, அன்றைக்கே காவி. மருதாசலம் வந்த பிறகு மூன்று பௌர்ணமி போய்விட்டது. முடிதான் போகவில்லை.

"வீட்டையே விட்டுட்டு வந்துட்டனுங்க. இன்னும் என்னத்தை விடோணும்?"

"எதுக்கு விட்டீங்க மேஸ்திரி?"

மருதாசலத்துக்கு ஐம்பத்தாறு வயது. சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மருதாசலம் கோயமுத்தூரில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருசம் மேஸ்திரி. நூலிழை பிசகினாலும் சாமானைத் தூக்கிக் குப்பையில் எறிகிறவர். வீட்டிலும் அதே அளவுகோல்தான். குழம்பில் உப்பு, மகளின் மார்க்கு, மச்சினனின் தொழில், எதையும் விட்டுவைக்க மாட்டார். அவர் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால் யாரும் பதில் பேச முடியாது.

"உள்ளதைத்தானுங்க சொன்னேன். இப்ப பொண்டாட்டி, புள்ள ஒருத்தரும் எங்கூடப் பேசறதில்லீங்க. பேசாத வீட்டுல எனக்கென்னங்க வேலை?"

சாமி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு பழைய மடக்குச் சவரக்கத்தியோடு வந்தார். இரண்டு பக்கமும் இருந்த கொம்புத் தகடுகள் வெடித்து உதிர்ந்து, வெறும் இரும்புதான் மிஞ்சியிருந்தது.

"இதுக்குப் பிடி போட்டுக் குடுங்க. உங்களுக்கு இதுலதான் மொட்டை."

மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா?



மறுநாளே கொண்டுவந்து நீட்டினார்.

மடங்குகிற இடத்தில்தானே உடைகிறது? மடக்கே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார். அரத்துக்குப் போடுவதுபோல உருண்டையாக ஒரு கருவேலம் பிடியை அடித்து இறுக்கியிருந்தார்.

"நூறு வருசத்துக்கு அசையாதுங்க."

சாமி கத்தியை இடுப்பு மடிப்பில் செருகினார். வேட்டி கிழிந்தது.

கிழிசலைப் பார்த்தார். கத்தியை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பொட்டியில வைக்கலாமுங்களே சாமி!"

"வைக்கலாம்" என்றார் சாமி. ஆனால் கத்தியை வாங்கிக்கொள்ளவில்லை.

வேலை சுத்தம், கத்தி கூர்மை, பிடி உறுதி. பிறகு எங்கே தப்பு? மருதாசலத்துக்கு மண்டை காய்ந்தது.



அடுத்த தடவை ஈட்டி மரத்தில் இரண்டு தகடு இழைத்தார். கத்தியை நடுவில் வைத்து, முனைக்கு ஒரு ஆணி அடித்தார். இண்டு இடுக்கில்லாத வேலை. கண்ணாடிபோல் மெருகு.

சாமி கத்தியைத் திறந்தார், மடக்கினார். பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் கிறீச்சென்றது.

பிறகு தன் முன்கையில் வைத்து இழுத்தார். ஒரு முடிகூட விழவில்லை. போகும்போதும் வரும்போதும் மரத்தில் உரசி உரசி, கத்தியின் கூர் மழுங்கிப்போயிருந்தது.

"பிடி எதுக்கு மேஸ்திரி?"

"பிடிக்கறதுக்குங்க."

சாமி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மருதாசலம் அங்கேயே நின்றார். பிடிக்கறதுக்கு இல்லாமல் பின்னே என்ன, கும்பிடறதுக்கா? இந்த ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று அழுகையே வந்தது. திரும்பிப் போகலாம் என்றால் போக வீடும் இல்லை.



மூன்றாவது தடவை கல்லில் தீட்டிக் கூர் ஏற்றினார். இரண்டு தகடுக்கும் நடுவே வால் பக்கத்தில் ஒரு சின்ன மரச் சீவலை வைத்து ஆணி அடித்தார். தகடுகள் கொஞ்சம் விலகி நின்றன. இரண்டு பக்கமும் படாமல் கத்தி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

சாமி மடக்கிப் பார்த்தார். "பௌர்ணமிக்கு ஓடைக்கு வாங்க" என்றார்.

இது மட்டும் எப்படிச் சரியாயிற்று? மருதாசலத்தின் கைக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.



பௌர்ணமியன்று காலை, ஓடைக் கரையில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஐந்தாவதாக மருதாசலம்.

சாமி ஒவ்வொரு தலையாக மழித்தார். மருதாசலம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு என்னவோபோல் ஆயிற்று.

சாமியின் விரல்கள் இரும்பின் கழுத்தைத்தான் பிடித்திருந்தன. பிடி சும்மா மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

மருதாசலத்தின் முறை வந்தது. சாமி கத்தியை மடக்கிக் கல்மேல் வைத்துவிட்டு, அவர் தலையில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார்.

"சாமி, நீங்க பிடியைப் பிடிக்கவே இல்லீங்களே!"

"இல்ல."

"அப்ப பிடி இல்லாமயே மழிக்கலாமுங்களா?"

"மழிக்கலாம்."

மருதாசலத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம் எதுக்குங்க என்னைய இத்தனை நாள் அலைக்கழிச்சீங்க?"

"நாலு தலைக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரமுங்க."

"அடுத்த பௌர்ணமி வரைக்கும்?"

"பிடிக்குள்ள மடங்கித்தானுங்க கெடக்கும்" என்று சொல்லிக்கொண்டே மருதாசலம் திரும்பிப் பார்த்தார்.

கத்தி கல்மேல் மடங்கிக் கிடந்தது. ஓர் எறும்பு அதன்மேல் ஏறி, நிதானமாக நடந்து, அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

அவருக்கு மகள் ஞாபகம் வந்தது. இவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். படிக்கத்தான் போகிறாள் என்று இவர் நினைத்திருந்தார்.

"குனிங்க" என்றார் சாமி. கத்தியைத் திறந்தார்.

மருதாசலம் குனியவில்லை. முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"சாமி, கோயமுத்தூருக்கு எத்தனை மணிக்குங்க பஸ்ஸு?"

சாமி கத்தியை மடக்கினார்.

"பத்தே காலுக்கு. தலையைத் துவட்டிட்டுப் போங்க."